பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் 14 வயதுப் பையனுக்குச் சிங்கப்பூரில் எங்கே உதவி கிடைக்கும்?

பக்கவாதம் வந்த பாட்டியை அக்கா மகன் கவனித்துக்கொள்கிறான், வகுப்பில் தூங்கி வழிகிறான், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பாட்டியைக் கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டுபோய், மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறான் என்பது தெரியாதவரை ஆசிரியர் கண்ணுக்கு அவன் சோம்பேறிதான். அவனாகச் சொல்லமாட்டான்; வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று நாம்தானே வளர்த்திருக்கிறோம்.

பையனைத் தேற்றுவதைவிட அவன் சுமையைக் குறைப்பது முக்கியம் என்பேன். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை, நடமாட்டம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய 6 அன்றாடக் காரியங்களில் குறைந்தது மூன்றுக்குப் பாட்டிக்கு நிரந்தரமாக ஆள்துணை தேவையென்றால் இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். பகல்நேரப் பராமரிப்பு, வீட்டுக்கு வரும் தாதி ஆகியவற்றுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழையுங்கள். பணமுடைக்குச் சமூக சேவை அலுவலகம், பேச்சுத்துணைக்குப் பேட்டையிலுள்ள குடும்பச் சேவை நிலையம், விட்டுப்போன பாடத்துக்குச் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்பு.

விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். அவனிடம் கொடுத்தால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும்.