சட்டி பானைப் பள்ளிக்கூடம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு ஜப்பானில் பொருளறிவியல் (உலோகம், பீங்கான் போன்ற பொருள்களின் தன்மையை ஆராயும் துறை) ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் என்று நாம் கேள்விப்பட்ட இடம்தான். ஆனால் வந்த கடிதத்தில் டோக்கியோ அறிவியல் கழகம் என்று இருக்கிறது. நூற்று நாற்பது வருடப் பெயரை ஏன் தூக்கிப் போட்டார்கள்? வளாகம் ஒகாயாமா என்கிறார் ஒருவர், யோகோஹாமா என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் “அது ஆதியில் சட்டி பானை செய்யக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம்தானே” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், பையன் ரயில் மாறி ஏறிவிடக் கூடாது. ஒகாயாமா என்பது ஒசாகாவையும் தாண்டி மேற்கே இருக்கும் நகரம். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் பையனுக்கு வேண்டியது ஓஒகாயாமா. டோக்கியோவுக்குள்ளேயே, மெகுரோ வார்டும் ஓட்டா வார்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே வாசல். யோகோஹாமாவில் இருப்பது சுசுகாகேதாய் வளாகம், 1975-ல் வந்தது. தாமாச்சியில் சிறியதாக இன்னொன்று. பொருளறிவியல் ஆய்வகங்கள் ஓஒகாயாமாவிலும் உண்டு, சுசுகாகேதாயிலும் உண்டு. நெறியாளர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வீடு பார்க்கச் சொல்லுங்கள்.

பெயருக்கு வருவோம். நூற்று நாற்பது வருடமும் ஒரே பெயர் இருந்ததில்லை. 1881-ல் தொடங்கியபோது அது டோக்கியோ ஷொக்கோ காக்கோ. ஷொக்கோ என்றால் பட்டறையில் கைவேலை செய்கிறவர். பொறியாளர்களை உருவாக்க அன்றைய ஜப்பானின் மெய்ஜி அரசு வேறு கல்லூரி வைத்திருந்தது. இங்கே பட்டறை மேற்பார்வையாளர்களும் தொழில் கற்பிக்கும் வாத்தியார்களும் உருவாக வேண்டும் என்பதுதான் திட்டம். 1890-ல் தொழிற்பள்ளி, 1901-ல் உயர் தொழிற்பள்ளி, 1929-ல் தொழிற்பல்கலைக்கழகம். 2024 அக்டோபர் 1 அன்று டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய பெயர். இரண்டு நிறுவனங்கள் சேரும்போது ஒன்றின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, புரிகிறது. ஆனால் முதல் பெயர் போன பிறகும் ‘தொழில்’ என்ற சொல் ஏதோ ஒரு வடிவில் கூடவே வந்துகொண்டிருந்தது. அதையும் இப்போது விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

இனி அந்தச் சிரிப்பு. உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சிரித்ததுதான் தப்பு.

காட்ஃப்ரீட் வாக்னர் என்று ஒரு ஜெர்மானியர். 1831-ல் ஹனோவரில் பிறந்து, கணித மேதை காஸிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 1868-ல் நாகசாகிக்கு வந்தது எதற்குத் தெரியுமா? சோப்புத் தொழிற்சாலை போட. அது தேறவில்லை. 1870-ல் பீங்கானுக்குப் பேர்போன அரித்தாவுக்குப் போய், நிலக்கரிச் சூளையையும் நீல நிறத்துக்கு மேலைநாட்டுக் கோபால்ட்டையும் குயவர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார். அவர்தான் பிறகு இந்தப் பள்ளியில் பீங்கான், கண்ணாடித் துறையை வளர்த்தவர். 1892-ல் டோக்கியோவிலேயே இறந்தார். கல்லறை அவோயாமாவில் இருக்கிறது.

அந்தத் துறையில் படித்தவர்கள் யாரென்று பாருங்கள். கவாய் கான்ஜிரோ 1914-ல் முடித்தார், ஹமாதா ஷோஜி 1916-ல். இருபதாம் நூற்றாண்டு ஜப்பானிய மட்கலையின் இரண்டு பெரிய பெயர்கள். ஹமாதா 1955-ல் வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டார். கவாய்க்கும் அதே பட்டத்தைக் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். நாட்டுப்புறக் குயவர்களின் கையைக் கொண்டாடிய இந்த இருவரும் மெருகுப் பூச்சின் வேதியியலைப் படித்தது ஒரு தொழிற்பள்ளியில்.

அப்போது பள்ளி இருந்த இடம் வேறு. டோக்கியோவிலேயே அசாகுசா பக்கம், சுமிதா ஆற்றங்கரையில் குராமே. ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தில் அவர்களுடைய நெல்லும் அரிசியும் குவிந்த கிடங்குகள் அங்கே இருந்தன. குராமே என்ற பெயருக்கே கிடங்கின் முன்புறம் என்றுதான் பொருள். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் அதையடுத்த தீயிலும் பள்ளி மொத்தமாக அழிந்தது. அடுத்த வருடம் ஓஒகாயாமாவுக்கு மாறினார்கள். புறநகரில் மனை போட்டு, ரயில் விட்டுக்கொண்டிருந்த நிறுவனத்தோடு குராமே நிலத்தை மாற்றிக்கொண்டு கிடைத்த மேடு அது. கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் முதன்மைக் கட்டிடம் 1934-ல் எழுந்தது. குராமேயை விட்டு வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது, முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இன்றும் குராமே தொழிற்சங்கம் என்றுதான் பெயர். (நம்மூர்த் தொழிற்சங்கம் இல்லை, கொடி பிடிக்க மாட்டார்கள்.)

சூளை மட்டும் அணையவில்லை. 1930-ல் அங்கே கத்தோ யோகொரோவும் தாக்கேய் தாகேஷியும் இரும்பு ஆக்சைடுப் பொடியோடு வேறு ஆக்சைடுகளைக் கலந்து சுட்டு ஃபெரைட் என்ற காந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். காந்தத்தன்மை கொண்ட ஓடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொழிலாக்க 1935-ல் ஒரு நிறுவனம் தொடங்கியவர் சைத்தோ கென்சோ, அதற்கு முன் அங்கோரா முயலை நம்பி இறங்கியிருந்தவர். அந்த நிறுவனம் டி.டி.கே. ஆமாம், நாம் பாட்டுப் பதிந்து பதிந்து தேய்த்த கேசட்டில் இருந்த அதே மூன்றெழுத்து.

பிறகு சுசுகாகேதாய். அங்கேதான் ஹோசோனோ ஹிதேயோவின் குழு அலுமினா சிமென்டில் இருக்கும் ஒரு சேர்மத்தை மின்சாரம் கடத்த வைத்தது. இன்டியம், காலியம், துத்தநாகம் சேர்ந்த ஆக்சைடில் அவர்கள் செய்த டிரான்சிஸ்டர் இன்று பல திரைகளுக்குப் பின்னால் இருக்கிறது. 2008-ல் இரும்பு சேர்ந்த மீகடத்தி, அதாவது மிகக் குளிர்ந்த நிலையில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள். ஒசுமி யோஷினோரிக்கு 2016-ல் நோபல் கிடைத்ததும் அதே வளாகத்தில் இருந்தபோதுதான், ஆனால் அவருடையது ஈஸ்ட், நம் மண் கதையில் சேராது.

உங்கள் பையன் அங்கே போய்ச் செய்யப்போவதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: பொடியை அரைத்து, அழுத்தி, உலையில் வைத்து, வெந்து வருவதற்குக் காத்திருப்பது. ஓஒகாயாமா வளாகத்தில் வாக்னருக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அந்தச் சொந்தக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.