மகளிர் குழுக் கூட்டத்தில் குடும்ப வன்முறை பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பவர் மனதில் படும்படி எப்படிப் பேசுவது?

சட்டப்பணிகள் ஆணைக்குழுத் தன்னார்வலராகச் சில வருடங்களாக இதே விஷயத்தைக் குழுக்களில் பேசி வருகிறேன். முதல் கூட்டத்தில் நன்றாகவே சொதப்பினேன். கல்லூரிப் பட்டிமன்றப் பழக்கம். குரலை ஏற்றி இறக்கிப் பேசி, கடைசியில் "பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள், அவரும் வீட்டில் அடி வாங்குபவராக இருக்கலாம்" என்றேன். நல்ல கைதட்டல். ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா தலையைக் குனிந்தவர் கடைசிவரை நிமிரவில்லை. பக்கத்திலேயே அவருடைய மாமியார்.

அதனால் அடி வாங்குபவரைப் பார்த்துப் பேசாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். "ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டால் என்ன செய்வீங்க?" என்று ஆரம்பித்தால் போதும். "அது அவங்க வீட்டு விவகாரம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார். அங்கே பிடித்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம், அதாவது இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த அலுவலரிடம், தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் பாயாது. இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னாலும் அந்த அக்கா காதிலும் விழும். முகத்தில் எதையும் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

புள்ளிவிவரம் ஒன்று போதும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18-49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பேரில் கிட்டத்தட்ட நாலு பேர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பாட்டியாவது சொல்வார். பழமொழியோடு மல்லுக்கட்டாதீர்கள். "அணைக்கிறதுக்கு முன்னாடி அடிச்சே ஆகணுமா பாட்டி?" என்பேன். சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

அப்புறம் "இவ்வளவு கஷ்டம்னா வெளியே வர வேண்டியதுதானே?" என்ற கேள்வி வரும். சரி, எங்கே போவாள்? அம்மா வீட்டில் "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கேயே குடியிருக்கும் உரிமையை இந்தச் சட்டம் தருகிறது. வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும் அவள் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இடத்தில் மாமியார்கள் முகம் இறுகும். உடனே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள்: மகன் கை நீட்டினால் அம்மாவும் இதே சட்டத்தில் வரலாம். என் அனுபவத்தில் கூட்டம் முழுக்க அமைதியாகும் இடம் இதுதான். கணவன், மனைவி மட்டும்தான் இந்தச் சட்டத்தில் வருவார்கள் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். திட்டி அவமானப்படுத்துவதும், செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பதும்கூட இதில் வன்முறைதான்.

பொய் நம்பிக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் விநியோகம் வேண்டாம். மணிபர்ஸில் அந்தக் காகிதம் கிடைத்தால் அன்றைக்கே இன்னொரு அடி விழும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐச் சொல்லி, "தெரிஞ்சவங்களுக்குச் சொல்லுங்க" என்று மூன்று முறையாவது கேட்க வையுங்கள். எழுதிக்கொள்ளத் தேவையில்லை, மூன்றே இலக்கம்.

பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். நாற்காலி மடக்க உதவுகிற சாக்கில் அரை மணி நேரம் நில்லுங்கள். யாராவது வந்து "என் சிநேகிதி ஒருத்திக்காகக் கேக்கறேன்" என்பார். யார் அந்தச் சிநேகிதி என்று கேட்காதீர்கள். "மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவங்களை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. பீஸ் எதுவும் கிடையாது" என்று சிநேகிதிக்கே பதில் சொல்லி அனுப்புங்கள்.