கேள்வி பதில்: ஓடிப்போன பல்சாருக்குப் பொறந்த வீடு எது?

கேள்வி: நட்சத்திரம் வெடிச்சதும் நடுவுல மிஞ்சுற பல்சார் அந்த இடத்தை விட்டே ஓடிடும்னு செகண்டரி ஃபோர் படிக்கிற என் மகன் சொல்றான். அது எங்க இருந்து கெளம்புச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? வந்த வழியே பின்னாடி கோடு போட்டா போதுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கோடு போடுறது ஈஸிங்க, அந்தக் கோட்டுல எத்தனை வருஷம் பின்னால போகணும்ங்கிறதுலதான் தலைவலியே.

பல்சார்ங்கிறது வெடிச்ச நட்சத்திரத்தோட நடுப்பகுதி, சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் நமக்கு ஒரு துடிப்பு வந்து சேரும். வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் சரக்கு அதிகமா வெளிய போனா பல்சார் எதிர்ப்பக்கமா ஒதை வாங்கிட்டுக் கெளம்பிடும். தபாவ் பண்ணின கோப்பிப் பையில ஓட்டை இருந்தா வாய்ட் டெக் முழுக்க சொட்டு விழுந்திருக்கும்ல, அதைப் பிடிச்சிக்கிட்டே கோப்பிக்கடைக்குத் திரும்பிப் போயிடலாம். அப்படி ஒரு தடம் நெஜமாவே சிக்குச்சு. ஜே0002+6216னு ஒரு பல்சார், செகண்டுக்கு 8.7 சுத்து, நம்மகிட்ட இருந்து சுமார் 6,500 ஒளியாண்டு. அதுக்குப் பின்னாடி 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால், அந்த வால் நேரா சிடிபி 1ங்கிற வெடிப்பு மிச்சத்தோட நடுவைக் காட்டுது. அங்க இருந்து இப்ப 53 ஒளியாண்டு தள்ளி வந்திருக்கு.

2019ல, காமா கதிரைப் பிடிக்கிற ஃபெர்மி சாட்டிலைட்டோட பத்து வருஷ டேட்டாவுல துடிப்பு வந்து சேர்ற நேரத்தை வச்சு, வேகம் செகண்டுக்கு 1,100 கிலோமீட்டருக்கும் மேலன்னாங்க, வெடிச்சு சுமார் 10,000 வருஷம்னு கணக்கு, "பீரங்கிக் குண்டு"ன்னு பேரும் வச்சாச்சு. அப்புறம் ஹவாய்ல இருந்து கரீபியன் வரைக்கும் பரவிக் கெடக்குற பத்து ரேடியோ டிஷ்ஷை வச்சு நேராவே அளந்தா திசை அப்படியே சரி, வேகம் மட்டும் சுமார் 335தான்! அதுவே ஒரு செகண்ட்ல சாங்கிக்கும் துவாஸுக்கும் ஆறேழு தடவை ஓடுற வேகம்னு வைங்க. ஆனா 53 ஒளியாண்டை இந்த வேகத்துல வகுத்தா வயசு 47,000 வருஷத்தைத் தாண்டிடுது.

இன்னொரு கூத்து, வயசாக வயசாக பல்சாரோட சுத்து குறையும், அது குறையுற வேகத்தை வச்சுப் போடுற வழக்கமான கணக்கு இதுக்கு 3 லட்சம் வருஷத்துக்கு மேல காட்டுது. பொறக்கும்போது படுவேகமா சுத்துச்சுன்னு அந்தக் கணக்கு நெனச்சுக்குது, இது பொறந்ததே மெதுவா சுத்திக்கிட்டுன்னா கணக்கு அம்பேல். அதனால என்னைக் கேட்டா நடந்து வந்த தூரத்தைத்தான் நம்புவேன், அதுலயும் நம்ம பக்கம் வருதா அந்தப் பக்கம் போகுதான்னு மட்டும் அளக்க வழியில்ல.

இது இருக்குறது காசியோப்பியா பக்கம், சிங்கப்பூர்ல வடக்கு வானத்துல 30 டிகிரிக்கு மேல ஏறாது, உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து அந்தப் பக்கம் பாத்தா ஜோகூர் லைட்டுதான் தெரியும். பரவால்ல, கண்ணுல படுற சாமானும் இல்ல அது. பொதுமக்கள் வீட்டுல சும்மா கெடந்த கம்ப்யூட்டருங்க கணக்குப் போட்டுத்தான் 2017ல இதைப் பிடிச்சாங்க, அந்தத் திட்டத்துக்கு ஐன்ஸ்டைன் அட் ஹோம்னு பேரு. மகன்கிட்ட சொல்லுங்க, கேம் ஆடாத நேரத்துல அவரும் சேரலாம்.