'போஸோர்'னா அவமானமா, ஜாக்கிரதையா?

கேள்வி: ஒரு வருஷமா ரஷ்யன் கத்துக்கிட்டு இருக்கேன். ப்ராக்ல எடுத்த போட்டோ ஒண்ணுல, வீட்டு கேட்ல நாய் படம் போட்டு 'போஸோர் பெஸ்'னு எழுதியிருந்துச்சு. ரஷ்யன்ல 'பஸோர்'னா அவமானம், 'ப்யோஸ்'னா நாய். அந்த நாய் அப்படி என்னதான் பண்ணுச்சு?

பதில்: நாய் மேல தப்பே இல்லீங்க, அது செக் மொழி, 'நாய் ஜாக்கிரதை'ன்னு அர்த்தம். ஆனா நீங்க சந்தேகப்பட்டது சரி, ரெண்டும் ஒரே வார்த்தைதான். ரஷ்யன்ல பார்வைக்கு 'ஸ்ரேனியே', பார்வையாளருக்கு 'ஸ்ரீத்தெல்'னு படிச்சிருப்பீங்களே, அதுல இருக்குற அதே 'பார்'ங்கற வேர்தான் இதுலயும் இருக்கு, முகம் பாக்குற கண்ணாடி 'ஸ்யேர்கலோ' கூட அந்தக் குடும்பம்தான். ரஷ்யன், செக் எல்லாத்துக்கும் மூலமான பழைய ஸ்லாவிக் மொழில இந்த வார்த்தைக்கு பாக்குறது, பாக்குற காட்சின்னுதான் அர்த்தம், திட்டெல்லாம் கிடையாது. செர்பியாக்காரங்க அந்தக் காட்சியை விடாம பிடிச்சுக்கிட்டாங்க, நாடக அரங்குக்கே 'போஸோரிஷ்டே'னு பேரு, பெல்கிரேடுல 1868ல ஆரம்பிச்ச தேசிய நாடக அரங்கு 'நரோட்னோ போஸோரிஷ்டே'தான். ரஷ்யன் ஆளு அந்த போர்டைப் படிச்சா 'தேசிய அவமானம்'னு நினைச்சு சிரிப்பாரு. போலிஷ்ல 'போஸுர்'னா வெறும் வெளித்தோற்றம், அவ்வளவுதான்.

அப்ப ரஷ்யன்ல மட்டும் ஏன் அவமானம் ஆச்சு? மட்டும் இல்ல, பல்கேரியன்லயும் அதேதான். குத்தம் பண்ணவனைக் கம்பத்துல கட்டி ஊரே வேடிக்கை பாக்க நிறுத்துவாங்கல்ல, அந்தக் கம்பத்துக்கு ரஷ்யன்ல பேரு 'பஸோர்னி ஸ்தோல்ப்'. எல்லாரும் பாக்குற காட்சியா ஒருத்தன் ஆயிட்டா மானம் போச்சு, அர்த்தம் அப்படியே அங்க போய் ஒட்டிக்கிச்சு. செக்காரங்களோ 'பாரு'ங்கறதை 'கவனி'ன்னு எடுத்துக்கிட்டாங்க. நமக்கு இது புரியாத விஷயமா என்ன, 'பாத்து போ'ன்னா ஜாக்கிரதை, 'நாலு பேரு பாத்தா என்ன ஆகுறது'ன்னா மானப் பிரச்சனை, ரெண்டும் பாக்குறதுதானே.

செக் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புல 'ப்ரோஸீம் போஸோர்'னு வரும், தயவுசெஞ்சு கவனிங்கன்னு சொல்றாங்க, ரஷ்யன் காதுக்கு அது 'அவமானம் வேணும்னு கேக்குறோம்'ங்கற மாதிரி விழும்.

அப்புறம் அங்க ரொட்டிக் கடைல 'செர்ஸ்த்வீ'ன்னு எழுதியிருந்தா, ரஷ்யன் ஞாபகத்துல காஞ்சுபோன ரொட்டின்னு திரும்பி வந்துராதீங்க, செக்ல அது இப்பதான் சுட்டது.