இலங்கையின் வன்னியில் காட்டை வெட்டி வயலாக்கிய இடத்தில் பறவைகள் கூடியிருக்கின்றனவே, அப்படியென்றால் நல்லதுதானே?

எண்ணிக்கை கூடும், உண்மைதான். உழுத வயலில் கொக்கு நூறாக இறங்கும். ஆனால் அங்கே நிற்பவை பெரும்பாலும் கொக்கு, மைனா, கரிச்சான் போன்ற, எங்கும் பிழைக்கிற இனங்கள். யார் போனார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பறவை முதிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்து, ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் அந்தக் கீறலால் ஆலம்பழமும் அத்திப்பழமும் ஊட்டும். பொந்துள்ள பாலை மரமும் வீரை மரமும் போனால் கூடு ஏது? தேக்குத் தோட்டம் தூரத்தில் காடுபோலத் தெரியும். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும், பழந்தின்னிகளுக்கு அங்கே அநேகமாக ஒன்றுமில்லை. மாவும் பலாவும் வேம்பும் கலந்த பழைய வீட்டு வளவு அதைவிட எவ்வளவோ மேல்: மாம்பழக்குருவி, குக்குறுவான், செண்பகம் எல்லாம் வரும்.

கட்டுக்கரைக் குளம், வவுனிக்குளம் போன்ற குளங்களின் கணக்கு வேறு. நீர்ப்பறவைகளுக்கு அவையே உயிர். காட்டின் அடிப்புதரில் வாழும் சிறு குருவிகளோ வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். அவற்றுக்கு வழி, ஆற்றோரம் விடுபடாமல் நிற்கும் மருத மரவரிசைதான். தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.