‘யாங் குறைவான உடல்வாகு’ என்கிறார் சீன மருத்துவர்... என் சிறுநீரகம் கெட்டுவிட்டதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 46. சிங்கப்பூரில் ஒரு டேட்டா சென்டரில் ஷிப்ட் வேலை. இரண்டு வருடமாகக் கை கால் சில்லென்று இருக்கிறது, எப்போது பார்த்தாலும் அசதி. இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். ஆறேழு மாதமாக விறைப்பு வந்தாலும் நிற்பதில்லை. உடன் வேலை செய்யும் சீன நண்பர் தன் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். “யாங் குறைவான உடல்வாகு, சிறுநீரகம் பலவீனம்” என்றார். வெந்நீரில் கரைத்துக் குடிக்க மூலிகைத் தூள் கொடுத்திருக்கிறார். நண்பர் தனியாக ஒரு கேப்ஸ்யூலும் வாங்கித் தந்தார், இன்னும் போடவில்லை. என் சிறுநீரகம் கெட்டுவிட்டதா? யாங் குறைவும் நம் ஊர் வாத உடம்பும் ஒன்றா? பிரஷருக்கு ஊரில் எழுதிக்கொடுத்த அட்டெனோலால் 50 மூன்று வருடமாகப் போடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, 58 வயதில் பைபாஸ் நடந்தது. மனைவியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. படிவத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அந்த மருத்துவர் சொல்லவில்லை. சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது முதுகுப் பக்கம் இருக்கும் அந்த இரண்டு உறுப்புகள் மட்டும் அல்ல. வளர்ச்சி, எலும்பு, பல், முடி, காது, விந்து, மூப்பு எல்லாவற்றையும் அதன் பொறுப்பில்தான் வைக்கிறார்கள். அவர்களுடைய மூல நூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’, ஆணின் வாழ்க்கையை எட்டெட்டு வருடங்களாகப் பிரிக்கிறது. 16இல் விந்து உண்டாகிறது, 32இல் உடல் உச்சத்துக்கு வருகிறது, 40இல் சிறுநீரகத்தின் சக்தி குறையத் தொடங்கி முடி உதிர்கிறது, 48இல் முகம் வாடி நரை தட்டுகிறது. அந்தக் கணக்குப்படி 46 வயதில் ‘சிறுநீரகம் பலவீனம்’ என்று யாரிடமும் சொல்லலாம். உங்கள் நிஜச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் சொல்லிவிடும். பிரஷர் மாத்திரை போடுபவர் என்பதால் வருடம் ஒரு முறை நீங்கள் பார்த்திருக்கவேண்டிய பரிசோதனைகள்தான் இவை.

இனி அந்தப் படிவம். பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் ச்சி வகுத்த ஒன்பது உடல்வாகுகளுக்கான கேள்வித்தாள் அது. சமநிலை உடல்வாகு ஒன்று. மற்றவை சீ (உயிராற்றல்) குறைவு, யாங் (உடலுக்குச் சூடும் இயக்கமும் தரும் சக்தி) குறைவு, யின் (குளிர்ச்சியும் ஈரமும் தரும் சக்தி) குறைவு, சளி-ஈரம், ஈரம்-சூடு, ரத்தத் தேக்கம், சீ தேக்கம், பிறவியிலேயே ஒவ்வாமை போன்ற தனி இயல்பு என எட்டு. சீன மருத்துவச் சங்கம் 2009இல் இதைத் தரநிலையாக வெளியிட்டது. 2013 முதல் சீனாவின் அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவையில், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இதன் சுருக்கமான வடிவத்தை வைத்து உடல்வாகு பார்த்து, உணவு, உறக்கம் பற்றி ஆலோசனை சொல்கிறார்கள். ஆக, இதைத் தெருவோர ஜோசியம் போல ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது எதை அளக்கிறது என்று பார்க்கவேண்டும்.

யாங் குறைவுக்கு அதில் ஏழு கேள்விகள். கை கால் சில்லிடுகிறதா, வயிறு, முதுகு, இடுப்பு, முழங்காலில் குளிர் தாக்குகிறதா, மற்றவர்களைவிட அதிகமாக உடை போடுகிறீர்களா, ஏசி, மின்விசிறி தாங்கவில்லையா, அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கிறதா, குளிர்ந்ததைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லையா, சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு ஆகிறதா. கடந்த ஒரு வருட அனுபவத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடவேண்டும். உங்கள் கூட்டுத்தொகை 23. அதில் 7ஐக் கழித்து, 28ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் 57. நாற்பதைத் தொட்டால் ‘ஆம், யாங் குறைவு’ என்பது அவர்கள் விதி. நீங்களோ வேலை நேரம் முழுக்க சர்வர் அறைக் குளிரில் இருப்பவர். கை சில்லிடுவது, கூடுதல் உடை, ஏசி தாங்காதது ஆகிய மூன்றுக்கும் 4 போட்டிருக்கிறீர்கள். சாதாரண அலுவலகத்தில் இருந்து அவற்றுக்கு 2 போட்டிருந்தால் கூட்டுத்தொகை 17, மதிப்பெண் 36. அப்போது ‘அந்தப் பக்கம் ஒரு சாய்வு’ என்பதோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஏழில் தாம்பத்தியம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வாங் ச்சி சீன மருத்துவத்தில் ஆண்கள் நலத்துக்கெனத் தனித்துறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அப்படிப்பட்டவரின் கேள்வித்தாளில் ஆண்கள் மட்டும் பதில் சொல்லவேண்டிய கேள்வி விதைப்பை ஈரமாக இருக்கிறதா என்பதுதான், அதுவும் ‘ஈரம்-சூடு’ பகுதியில் வருகிறது. உங்கள் விறைப்புப் பிரச்சினையை யாங் குறைவோடு இணைத்தது படிவம் அல்ல, மருத்துவரின் கோட்பாடு. அவருடைய முறைக்குள் அது சரியான இணைப்புதான். ஆனால் ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா, சர்க்கரை உண்டா என்பதற்கு அதில் விடை கிடையாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அட்டெனோலால். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை அது. இதயத் துடிப்பைக் குறைத்து பிரஷரை இறக்கும். கை கால் சில்லிடுவதும் அசதியும் அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவுகள். சிலருக்கு விறைப்பும் குறையும். மாத்திரை மூன்று வருடம், குளிரும் அசதியும் இரண்டு வருடம். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலில் முதலில் வைக்கவேண்டிய சந்தேகம் இது. வேறு இதயக் கோளாறு இல்லாத, வெறும் பிரஷருக்கு இந்த வகை மருந்தை இப்போது முதல் தேர்வாகப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. படபடப்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ எழுதினார்களா என்று ஊர் மருத்துவரிடம் கேளுங்கள். டெல்மிசார்டான், லோசார்டான், அம்லோடிபின் போன்றவற்றுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை குறைய வாய்ப்புண்டு. ஆனால் நீங்களாக நாளைக் காலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறி, நெஞ்சுவலி வரை போகலாம். மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

அடுத்தது அப்பா. சர்க்கரை, பைபாஸ் உள்ள குடும்பத்தில் 46 வயதுக்காரருக்கு விறைப்பு நிற்கவில்லை என்றால் நான் இதயத்தைத்தான் முதலில் நினைப்பேன். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. ஒரே கொழுப்புப் படிவு சிறிய குழாயில் முதலில் தெரியவரும். நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே விறைப்புக் குறைவு தலைகாட்டுவது பலருக்கும் நடக்கிறது. இரவில் சிறுநீருக்கு எழுவது சர்க்கரையாலும் இருக்கலாம், புராஸ்டேட்டாலும் இருக்கலாம், குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ள தூக்கக் கோளாறாலும் இருக்கலாம். குறட்டை பற்றி உங்களுக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியும்.

பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போய் இவற்றைக் கேட்டு எடுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (6.5 சதவீதத்தை எட்டினால் சர்க்கரை நோய்), கொலஸ்ட்ரால், நான் மேலே சொன்ன சிறுநீரகப் பரிசோதனைகள், இசிஜி. தைராய்டையும் விடாதீர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே குளிர், இதே அசதி, இதே விறைப்புக் குறைவு. டெஸ்டோஸ்டிரோனைக் காலை 11 மணிக்கு முன்பு, வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகப் போய் ரத்தம் கொடுக்காதீர்கள், கணக்கு தப்பாகிவிடும். விடுமுறை நாட்களில் இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கியபின் கொடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. இடுப்புச் சுற்றளவை நீங்களே அளக்கலாம். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. (சீனர்கள் ‘சளி-ஈரம்’ என்று வர்ணிக்கும் தொப்பை உடல்வாகு, தொப்பை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து வருவதை எங்கள் பாடப்புத்தகம் சொல்லும் மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கு மிக அருகில் வரும். அவர்களும் மனிதர்களைக் கண்ணால் பார்த்துத்தானே எழுதினார்கள்!)

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவர் கட்டாயம் கேட்பார், கவனித்து வையுங்கள். இருக்கிறது என்றால் ரத்த ஓட்டமும் நரம்பும் ஓரளவு சரியாக வேலை செய்கின்றன, மனஅழுத்தத்துக்கும் தூக்கக் குறைவுக்கும் பங்கு அதிகம் என்று பொருள்.

அந்தக் கேப்ஸ்யூலைப் போடவே போடாதீர்கள். 2008இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் ஐந்து பொது மருத்துவமனைகளில், சர்க்கரை நோய் இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிய நிலையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். பெரும்பாலோரின் ரத்தத்திலோ சிறுநீரிலோ கிளிபென்கிளமைடு இருந்தது. நம் ஊரில் டாவோனில் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த சர்க்கரை மாத்திரை. பலரும் வாய்திறக்கவில்லை, ஒப்புக்கொண்ட 45 பேர் ஆண்மைக்கென்று மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள். மூலிகை என்ற பெயரில் விற்ற மாத்திரைகளில் இது கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். உங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் அட்டெனோலால் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் மிஞ்சும். உங்கள் நண்பர் அதை ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால், அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவர் கொடுத்த தூள் வேறு விஷயம். சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்கவேண்டும், பெயரை இணையத்திலேயே சரிபார்க்கலாம். தூளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று எழுதி வாங்குங்கள். யாங் குறைவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ‘சின்குய் ஷென்ச்சி’ மருந்தில் ஃபூச்சி என்ற வேர் வரும். சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் நாபி என்ற நச்சு வேரின் இனம்தான் அது. பக்குவம் சரியில்லை என்றால் நாக்கு மரத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். கான்சாவ் எனப்படும் அதிமதுரம் சேர்ந்திருந்தால், நாள்பட எடுக்கும்போது பிரஷர் ஏறி பொட்டாசியம் இறங்கும். ஹஷோவூ என்ற இன்னொரு சீன மூலிகை வேர் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை தூளை நிறுத்திவைப்பது நல்லது. அட்டெனோலால் எடுப்பதை அந்தச் சீன மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்ன மற்ற யோசனைகளை, அதாவது சூடான உணவு, ஐஸ் தண்ணீர் வேண்டாம், நேரத்துக்குத் தூக்கம், நடை ஆகியவற்றைத் தாராளமாகப் பின்பற்றுங்கள்.

வாத உடம்பும் யாங் குறைவும் ஒன்றல்ல. குளிர்ச்சி தாங்காமை இரண்டிலும் வருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது; அடிப்படைக் கணக்கே வேறு. ஒரு முறையில் சொன்ன பெயரை வைத்து இன்னொரு முறையின் லேகியத்தை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். ஆறேழு மாதமாக நீங்கள் விலகிப்போவதற்கு அவராக ஒரு காரணம் கற்பித்து வைத்திருப்பார், அது பெரும்பாலும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள். மாத்திரை அட்டை, தூள் பொட்டலம், கேப்ஸ்யூல், நிரப்பிய படிவம் நான்கையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். அதற்குள் நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுவாங்கலோ வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.