லோயர் ஆர்ம் தேய்ந்ததா, அடிபட்டதா? முதலில் அந்த கிளெய்ம் படிவத்தைப் பார்ப்போம்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): மேடவாக்கத்தில் இருக்கிறேன், சிறுசேரியில் வேலை. 22 மாதத்துக்கு முன்பு 18 லட்சம் கொடுத்து எலக்ட்ரிக் கார் வாங்கினேன். எட்டு மாதமாக, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினாலே முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம். மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். “இன்ஜின் சத்தம் இல்லாத வண்டி சார், சின்னச் சத்தமும் பெரிசாத்தான் கேட்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். போன மாதம் வேளச்சேரி மேம்பாலத்தில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்து, மனைவி பயந்து அழுதுவிட்டார். நான்காவது முறை போனபோது, “லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் போய்விட்டது, பள்ளத்தில் அடிபட்டிருக்கிறது, வாரன்டி கிடையாது, இரண்டு பக்கமும் மாற்ற அலைன்மென்ட்டோடு 38,000 ரூபாய்” என்றார்கள். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு பிணைக்கிற கையாம், பால் ஜாயின்ட் அதன் முனையில் இருக்கிற மூட்டாம். சர்வீஸ் அட்வைசரே “இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்” என்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பணம் வரவில்லை, வண்டி அங்கேயே நிற்கிறது. எனக்குப் புது வண்டி அல்லது முழுப் பணம், மன உளைச்சலுக்கு 10 லட்சம் வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பார்ட் வாங்கி வெளியே மாட்டிவிடலாம் என்கிறான் மச்சான். எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் விடுவது? ஜாப் கார்டுகளும் (ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் புகாரைக் குறித்துத் தந்த தாள்கள்) கிளெய்ம் படிவ நகலும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நோட்டீஸ் அப்புறம். நீங்கள் ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் அட்வைசர் பேசிய பேச்சுக்கே இரண்டு பக்கம் போய்விட்டது. அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் வழக்குக்கு உதவாது. வழக்கைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொன்ன விஷயம்: இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன் என்பது.

அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் படித்தீர்களா? ஒரு குறிப்பிட்ட தேதியில், பெரும்பாக்கம் சாலையில், இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் சேதமானது என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. இப்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் “இது உற்பத்திக் குறைபாடு” என்று சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எந்த ஆவணத்தையும் தேட வேண்டியதில்லை. ‘விபத்து என்று மனுதாரரே எழுதிக் கொடுத்திருக்கிறார்’ என்று அந்த ஒரு தாளை நீட்டினால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே வலுவான சாட்சி அந்த மூன்று பழைய ஜாப் கார்டுகள். படிவத்தில் சொன்ன தேதிக்குப் பல மாதம் முன்பே ‘முன் இடது பக்கம் சத்தம்’ என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வாரன்டி காலத்தில் புகார் சொன்னேன், அவர்கள் சரிசெய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அதே ஜாப் கார்டுகள் இன்சூரன்ஸ் கம்பெனியின் கையில் கிடைத்தால், நீங்கள் சொன்ன விபத்துக்கு முன்பே கோளாறு இருந்தது என்பதற்கும் அவைதான் சாட்சி. தெரிந்தே பொய்யான கிளெய்ம் கொடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுதல் என்று போகக்கூடிய விஷயம். “தினமும் பள்ளத்தில்தானே ஓட்டுகிறேன், அது ஒன்றும் பொய்யில்லையே” என்று எழுதியிருக்கிறீர்கள். படிவம் பொதுவாகச் சென்னைச் சாலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு தேதி, ஒரு சம்பவம் கேட்கிறது. அந்தத் தேதியை அட்வைசர் போட்டார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. என்னிடம் வருகிற கார் வழக்குகளில் அடிக்கடி பார்க்கிற குழி இதுதான். சர்வீஸ் சென்டர் வாரன்டியில் மாற்றிக் கொடுத்தால் கார் கம்பெனிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸில் போட்டால் பில் சுலபமாக வந்துவிடும். வாடிக்கையாளருக்கும் கையிலிருந்து பணம் போகவில்லையே என்று தோன்றும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சொந்த வண்டியின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பாலிசியில் வராது, வெளியிலிருந்து ஏற்பட்ட விபத்துதான் வரும். அதனால்தான் எல்லாவற்றையும் ‘பள்ளம்’ ஆக்குகிறார்கள். கிளெய்ம் செய்யாதவர்களுக்கு ரினியூவலில் கிடைக்கிற பிரீமியம் சலுகை, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போவது தனி. அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம், உண்மையான வாரன்டி உரிமையை உங்கள் கையெழுத்தாலேயே விட்டுக்கொடுப்பது.

என் கட்சிக்காரர் ஒருவர் இப்படி கிளெய்ம் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதே பாகம் மறுபடியும் போனபோது கம்பெனி மீது வழக்குப் போட வந்தார். முதல் முறை விபத்து, இரண்டாவது முறை குறைபாடு என்று ஒரே பாகத்துக்கு இரண்டு கதை சொல்ல வேண்டிய நிலை. அந்த வழக்கை நான் எடுக்கவில்லை. சமரசத்துக்குப் போங்கள் என்று அனுப்பினேன்.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது, ஏனென்றால் பணம் வரவில்லை. இன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தப் பாகம் தொடர்பாக வாரன்டி கோருவதால் கிளெய்மைத் திரும்பப் பெறுகிறேன் என்று. அவ்வளவுதான். அட்வைசர் சொன்னார், நான் ஏமாந்தேன் என்று நீட்டி எழுத வேண்டாம், யார் மீதும் பழி போட வேண்டாம். பணம் வாங்குவதற்கு முன்பே திரும்பப் பெற்ற கிளெய்முக்கு ஆணையத்தில் விளக்கம் சொல்ல முடியும். வாங்கிய பிறகு சொல்ல முடியாது.

அடுத்தது அந்தப் பழைய லோயர் ஆர்ம். அது எங்கே இருக்கிறது? இன்னும் வண்டியில்தான் என்றால் நல்லது. கழற்றியிருந்தால், எழுத்தில் கேட்டு வாங்குங்கள் அல்லது அழிக்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 38-ஆம் பிரிவின்படி, பரிசோதனை இல்லாமல் ஒரு பொருளின் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். பாகமே இல்லையென்றால் எதை அனுப்புவது? நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். “நான் ஓட்டினேன், எனக்குத் தெரியும்” என்பது நிபுணர் கருத்து ஆகாது.

பாகம் பேசும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளத்தில் பலமாக இறங்கி அடிபட்டால் பெரும்பாலும் தடயம் இருக்கும்: ஆர்ம் வளைந்திருக்கும், ரிம் நெளிந்திருக்கும், டயரின் பக்கச் சுவர் புடைத்திருக்கும். உங்கள் நான்காவது ஜாப் கார்டில் ரிம்மைப் பற்றியோ டயரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அது மட்டுமா, எஸ்டிமேட் இரண்டு பக்கத்துக்கும் போட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கியது இடது சக்கரம் என்றால் வலது லோயர் ஆர்மை எதற்கு மாற்ற வேண்டும்? இந்தக் கேள்வியை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் எழுதிய ஆறு பக்கத்தைவிட இந்த ஒரு வரிக்கு அவர்கள் பதில் சொல்லத் திணறுவார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிபடவில்லை என்று நிரூபித்தால் மட்டும் உற்பத்திக் குறைபாடு ஆகிவிடாது. சாதாரணத் தேய்மானம் என்று அடுத்த வாதத்துக்குப் போவார்கள். தரையில் பேட்டரியைச் சுமக்கிற எலக்ட்ரிக் கார், அதே அளவு பெட்ரோல் காரைவிடக் கனம் அதிகம். பால் ஜாயின்ட், புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் வளையம்), டயர் மூன்றுக்கும் வேலை கூடுதல். அந்தக் கனத்துக்கு ஏற்ற பாகம் போடுவது தயாரிப்பாளர் பொறுப்பு என்று நாம் வாதிடலாம். ஆனால் வாரன்டி புத்தகத்தில் புஷ், ரப்பர் பாகங்களை விலக்கி வைத்திருக்கிறார்களா, பால் ஜாயின்ட்டையும் சேர்த்திருக்கிறார்களா என்பதைப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அந்தப் பக்கத்தை மட்டும் நீங்கள் இணைக்கவில்லை.

புது வண்டி கேட்பதை மறந்துவிடுங்கள். 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்து தருவேன், மாற்றித் தருவேன் என்பதுதான் வாரன்டி என்றால், முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது. ஒரு லோயர் ஆர்முக்காக 18 லட்சம் திரும்ப வராது. 10 லட்சம் மன உளைச்சலும் அப்படித்தான். பெரிய தொகை கேட்டால் பெரிய தொகை கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். மனுவில் இருக்கிற நியாயமான பகுதியையும் சேர்த்து ஆணையம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிக்கும், அதுதான் நடக்கும். உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிற, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ (product liability) அத்தியாயமும் இங்கே பொருந்தாது. அந்தச் சட்டத்தில் ‘தீங்கு’ என்பதற்குள் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் வராது. யாருக்கும் காயம் இல்லை, வேறு சொத்துக்குச் சேதம் இல்லை. கடவுள் புண்ணியத்தில் மேம்பாலத்தில் ஒன்றும் ஆகவில்லை.

அதனால்தான் இதையும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆதாரம் வேண்டும் என்பதற்காக அந்த வண்டியை இப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து ஓட்டாதீர்கள். பால் ஜாயின்ட் முழுதாகக் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். குறை தெரிந்தே ஓட்டினீர்கள் என்றால், வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கப் பார்க்கும். ஆதாரத்தையும் காப்பாற்றி, வண்டியையும் சரிசெய்ய ஒரே வழி கூட்டு ஆய்வு. கார் கம்பெனியின் பிராந்திய அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் ஆளும் நீங்கள் அழைத்துவரும் ஆட்டோமொபைல் இன்ஜினியரும் ஒன்றாகப் பார்க்கட்டும். கழற்றும்போது வீடியோ எடுங்கள். பழைய பாகத்தை மூடி ஒட்டி, இரண்டு தரப்பும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். வீடியோவை எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், பின்னால் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும்.

மச்சான் யோசனை இப்போதைக்கு வேண்டாம். பாதி விலையில் முடியும் என்பது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் வாரன்டிச் சண்டை நடுவில் வெளியே பிரித்தால், கோளாறு எப்போது வந்தது என்பதே கலங்கிவிடும். அதைவிட முக்கியம் பேட்டரி வாரன்டி. இந்த வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் வாரன்டி தருகின்றன. உங்கள் காரில் விலை உயர்ந்த உரிமை அதுதான். 38,000 ரூபாய்ச் சண்டையில் அதை மறுத்து வாதம் செய்ய அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

என் ஆலோசனை, சமரசம். 18 லட்சம் வண்டிக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் 400 ரூபாய்தான், அது ஒரு செலவே இல்லை. நிபுணர், வாய்தா, லீவு போட்டு வருவது, இதெல்லாம் சேர்ந்தால் 38,000-ஐத் தாண்டும். பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். உங்கள் கையில் இப்போது மூன்று ஜாப் கார்டும், வலது ஆர்ம் கேள்வியும் இருக்கின்றன. பேரம் பேச இதுவே போதும். இரண்டு பாகமும் அவர்கள் செலவில், லேபரும் அலைன்மென்ட்டும் உங்கள் செலவில் என்று ‘குட்வில்’ பெயரில் வந்தால்கூட வாங்கிக்கொள்ளுங்கள். தப்பை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும்போது மட்டும் இந்த முறை படியுங்கள். பழைய மூன்று ஜாப் கார்டு எண்களும், புதிய பாகங்களுக்கான வாரன்டியும் கடிதத்தில் இருக்க வேண்டும். அலைன்மென்ட் ரிப்போர்ட்டை வாங்கி, நீங்களே ஓட்டிப் பார்த்த பிறகுதான் ‘திருப்தி’ என்ற இடத்தில் கையெழுத்து. வாகனம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, ‘முன் லோயர் ஆர்ம் தொடர்பான’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் பேட்டரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனால் ஒரு எச்சரிக்கை. வழக்குத் தொடர இரண்டு வருட காலவரம்பு, முதல் புகாரிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருப்பதால் அது நீளாது. வாரன்டி இரண்டு வருடம்தான் என்றால் அது இன்னும் இரண்டே மாதத்தில் முடிந்துவிடும், ஆகவே கம்பெனிக்கு எழுத்துப்பூர்வப் புகார் இந்த வாரமே போக வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில்தானே இருக்கிறது? ஆபீஸ் லீஸ் வண்டி என்றால் உடனே சொல்லுங்கள், மனுதாரர் யார் என்பதே மாறும்.

கூட்டு ஆய்வுக்கும் வர மாட்டேன், பாகமும் தர மாட்டேன் என்று கம்பெனி எழுத்தில் மறுத்தால், அந்தக் கடிதத்தோடு, கிளெய்ம் திரும்பப் பெற்ற ஒப்புகையையும் வாரன்டி புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாற்றும் செலவும், நியாயமான ஒரு இழப்பீடும், வழக்குச் செலவும் கேட்டு மனு எழுதலாம்.